சமவாய்ப்பு: அத்தானோடு டெல்லியில் பதினோரு நாள்

சென்ற மாதம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். புற்றுநோய் மருந்துச் சோதனை ஒன்றில் சேர்ப்பதற்காகத் தன் அம்மாவை டெல்லிக்கு அழைத்துப்போக வேண்டும், எந்த ரயில் வசதி, எங்கே தங்கலாம், குளிருக்கு என்ன எடுத்துப்போக வேண்டும் என்று கேட்டிருந்தார். இரண்டு பத்தியில் பதில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். முடியவில்லை. இந்த ஜனவரியில் நானும் அதே காரியத்துக்காக ஒருவரை அழைத்துப்போய்த் திரும்பியவன். ரயிலும் தங்குமிடமும் குளிரும் எனக்குத் தெரியும்தான். அதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டால் அந்த அம்மாவுக்கு நான் துரோகம் செய்தவனாவேன். அதனால் முழுக்கவே எழுதுகிறேன்.

நான் அழைத்துப்போனது என் அக்காவின் கணவரை. பரமசிவம் அத்தான், வயது ஐம்பத்தெட்டு. கோவில்பட்டியில் வீடு. மின்வாரியத்தில் வயர்மேனாக இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவர். பீடி சிகரெட் எதுவும் தொட்டதில்லை. ஆனாலும் நுரையீரலில் புற்று. மதுரையில் ஆறு முறை கீமோ போட்டார்கள். ஏழு மாதம் அடங்கிக் கிடந்த நோய் அப்புறம் இடுப்பெலும்புக்கு வந்துவிட்டது. மருத்துவர் வேறொரு வகைக் கீமோ எழுதிக்கொடுத்தார். அத்தான் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "போதும். இனி அந்த ஊசி என் ஒடம்புல ஏறாது" என்று சொல்லிவிட்டார். அந்த ஆறு முறையும் அவர் பட்டதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவன். வாய் முழுக்கப் புண்ணாகி, பச்சைத்தண்ணீரை விழுங்கக்கூட ஒரு கையால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொள்வார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

அக்காவுக்கு அந்த நியாயம் புரியவில்லை. எப்படிப் புரியும்? "எதாவது பண்ணுடா" என்று என்னைத்தான் பிடித்துக்கொண்டாள். நான் ராணுவத்தில் பதினேழு வருடம் கிளார்க்காக இருந்தவன். அதில் மூன்று வருடம் டெல்லி. இந்தி சரளமாக வரும், இங்கிலீஷ் படித்துப் புரிந்துகொள்வேன். வீட்டில் அவ்வளவு தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

நாட்டில் எங்கெங்கே என்னென்ன மருந்துச் சோதனைகள் நடக்கின்றன என்று அரசே ஓர் இணையப் பதிவேடு வைத்திருக்கிறது. யாரும் பார்க்கலாம். அதில் நான்கு நாள் தேடி அத்தானின் நோய்க்குப் பொருந்துகிற ஒன்றைக் கண்டுபிடித்தேன். கீமோ மருந்தை உடம்பு முழுக்கக் கொட்டாமல், புற்றுச் செல்லைத் தேடிப் பிடிக்கும் ஒரு புரதத்தின் முதுகில் ஏற்றி அனுப்புகிற புதுவகை ஊசி அது. புரதம் போய்ச் செல்லில் ஒட்டிக்கொண்டதும் சுமையை உள்ளே இறக்கிவிடும். படிக்கப் படிக்க எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தமிழ்நாட்டு மையத்தில் ஆள் சேர்த்து முடித்துவிட்டார்கள். டெல்லியில் ஒரு மருத்துவமனையில் இடம் இருந்தது. அதன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அதே பக்கத்தில் இன்னொன்றும் எழுதியிருந்தது. சேருகிறவர்களில் பாதிப் பேருக்குத்தான் புது மருந்து. மறுபாதிக்கு, இப்போது வழக்கத்தில் இருக்கிற கீமோ. யாருக்கு எது என்று கணினி சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் முடிவு செய்யும். மருத்துவர் நினைத்தாலும் மாற்ற முடியாது. இதை நான் படித்தேன். நன்றாகப் புரிந்துகொண்டேன். புரிந்துகொண்டுதான் அத்தானிடம் போனேன்.

"கீமோ இல்லியே மாப்ள?" என்று கேட்டார்.

"இல்ல அத்தான். இது புதுசு. புத்து இருக்க எடத்துல மட்டும் போய் எறங்கும்."

"நெசமாவா?"

"நெசமா."

அவர் அக்காவைப் பார்த்தார். அவள் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அப்ப வாரேன்" என்றார்.

ஜனவரி மூன்றாவது வாரம், திங்கட்கிழமை இரவு கோவில்பட்டியில் கிளம்பினோம். சென்னைக்கு ஏறத்தாழ 590 கிலோமீட்டர், அங்கிருந்து டெல்லிக்கு 2,180. செவ்வாய்க்கிழமை பகல் முழுக்கச் சென்னையில் ரயில் நிலைய ஓய்வறையில் படுக்க வைத்திருந்தேன். இரவு பத்து மணிக்கு டெல்லி ரயில். புற்றுநோயாளி சிகிச்சைக்காகப் போவதாக மருத்துவமனை எழுதித்தரும் சான்றிதழைக் கவுண்டரில் கொடுத்தால் மூன்றடுக்கு ஏசியில் நோயாளிக்குக் கட்டணம் கிடையாது. துணைக்குப் போகிறவர் கால் பங்கு கொடுத்தால் போதும். நிறையப் பேருக்கு இது தெரியாமல் முழுக் காசும் கொடுத்துப் போகிறார்கள். கீழ்ப் படுக்கை இரண்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இடுப்பெலும்பில் வலி உள்ளவர்கள் நடுப் படுக்கையில் ஏற முடியாது.

கையில் ஒரு எவர்சில்வர் டப்பா வைத்திருந்தேன். உள்ளே பஞ்சு சுற்றி, அத்தானின் நுரையீரலில் இருந்து எடுத்த சதைத் துணுக்கு பதித்த மெழுகுக் கட்டி. பரிசோதனைக்கு அது கட்டாயம் வேண்டும். மதுரையில் எழுதிக்கொடுத்து வாங்கிவந்தேன். அத்தான் அதைத் திறந்து ஒரு முறை பார்த்தார். "இவ்வளவுதானா" என்றார்.

வியாழக்கிழமை காலை ஆறரைக்குப் போய்ச் சேர வேண்டிய ரயில். ஆக்ரா தாண்டியதும் பனிமூட்டம். வயல் நடுவே நின்று நின்று பதினொன்று பத்துக்குப் புது டெல்லி வந்தது. நான்கு மணி நாற்பது நிமிடத் தாமதம். ஜனவரியில் போகிறவர்கள் மருத்துவமனைத் தேதியை வந்திறங்கும் நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள். நான் மறுநாளுக்கு வைத்திருந்தேன். அந்த ஒரு விஷயத்தில் புத்திசாலியாக நடந்துகொண்டேன்.

அஜ்மேரி கேட் பக்கம் இறங்கி டாக்சி பிடித்தோம். துவாரகாவில் என்னோடு ராணுவத்தில் இருந்த நாகராஜன் வீடு. அவர் இப்போது விமான நிலையத்தில் பாதுகாப்பு வேலை. மனைவி மகளைப் பார்க்க வெளிநாடு போயிருந்ததால் ஓர் அறையை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்திருந்தார். டாக்சிக்கு நானூற்று எண்பது ரூபாய், ஐம்பத்தைந்து நிமிடம். ஓட்டுநர் கண்ணாடியில் அத்தானைப் பார்த்துவிட்டு, "இலாஜ் கே லியே?" என்று என்னிடம் கேட்டார். ஆமாம், வைத்தியத்துக்குத்தான் என்றேன். தெற்கேயிருந்து வருகிறவர்கள் கோட்டையைப் பார்க்க வருகிறார்கள் அல்லது ஃபைலோடு வருகிறார்கள், ஃபைலைப் பார்த்தாலே தெரிந்துவிடும் என்றார். "என்ன சொல்லுதாரு?" என்று அத்தான் கேட்டார். "நல்லாயிரும்னு சொல்லுதாரு" என்றேன். எனக்கு அது அவ்வளவு சுலபமாக வந்தது.

வெள்ளிக்கிழமை மருத்துவமனை. துவாரகாவிலிருந்து மெட்ரோவில் போய் ஜனக்புரி வெஸ்டில் ஒருமுறை, ஹவுஸ் காஸில் ஒருமுறை மாற வேண்டும். இரண்டு இடத்திலும் நகரும் படிக்கட்டு மலைபோல் உயரம். நோயாளியோடு போகிறவர்கள் லிஃப்ட் எங்கே என்று கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி வாசல் வரை ஒன்றே கால் மணி நேரம். குளிர் ஏழு டிகிரி. அத்தான் குரங்குக் குல்லாவும் என் பழைய ராணுவ ஸ்வெட்டரும் போட்டிருந்தார்.

சோதனைப் பிரிவில் எங்களை எதிர்கொண்டவள் அபர்ணா. ஒருங்கிணைப்பாளர் வேலை. இருபத்தாறு வயதிருக்கும். பெயரைப் பார்த்து நான் இந்தியில் ஆரம்பிக்க, அவள் சிரித்துக்கொண்டே, "தமிழ்லயே பேசுங்க அங்கிள், நானும் தமிழ்தான். கும்பகோணம். ஆனா பொறந்தது இங்க" என்றாள். அத்தான் முகத்தில் நான்கு நாளில் முதல் தடவையாக ஒரு தெளிவு வந்தது.

தமிழில் அச்சடித்த ஒப்புதல் படிவத்தை எடுத்து வைத்தாள். முப்பத்தொரு பக்கம். "இது நீங்களே படிச்சுக்கணும் அங்கிள். எனக்குத் தமிழ் படிக்க வராது. எங்கப்பா மந்திர் மார்க் தமிழ் ஸ்கூல்ல படிச்சாரு. நான் இங்கிலீஷ் மீடியம். டவுட் இருந்தா கேளுங்க, நான் சொல்றேன். ஜல்தி ஒண்ணும் இல்ல, ஆராமா படிங்க."

அத்தான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்கத் தொடங்கினார். நாளிதழை முதல் வரியிலிருந்து கடைசி விளம்பரம் வரை படிக்கிற மனிதர். ஆனால் அந்தத் தமிழ் யாருக்கும் சொந்தமில்லாத தமிழ். ஆறாவது பக்கத்தில் விரலை வைத்து என்னைப் பார்த்தார்.

"பங்கேற்பாளர்கள் சமவாய்ப்பு முறையில் ஒதுக்கீடு செய்யப்படுவர்னு போட்டிருக்கு. சமவாய்ப்புன்னா என்ன மாப்ள?"

எனக்குப் பதில் தெரியும். சீட்டுக் குலுக்கல் அத்தான், பாதிக்குப் பாதி, பழைய கீமோவும் வரலாம் என்று சொல்ல ஐந்து விநாடி போதும். சொன்னால் அவர் கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டுவிட்டு எழுந்துவிடுவார். அக்கா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றது ஞாபகத்துக்கு வந்தது.

"எல்லாருக்கும் சமமான வாய்ப்புன்னு அர்த்தம் அத்தான். பணக்காரன் ஏழைன்னு பாக்க மாட்டாங்க" என்றேன்.

"அது நல்லதுதான" என்று பக்கத்தைத் திருப்பினார். ஒன்பதாவது பக்கத்தில் கண் எரிகிறது என்று படிவத்தை என்னிடம் கொடுத்துவிட்டார். "நீ படிச்சிட்டேல்லா, முக்கியமானதச் சொல்லு." வாந்தி வரலாம், முடி கொட்டலாம், மூச்சிரைப்பு வந்தால் உடனே சொல்ல வேண்டும் என்று மற்ற எல்லாவற்றையும் சொன்னேன். அதையெல்லாம் ஒளிக்கவில்லை.

அபர்ணா வந்து உட்கார்ந்து தன் பங்குக்கு விளக்கினாள். "அங்கிள், இதுல ரெண்டு ஆர்ம் இருக்கு. எந்த ஆர்ம்னு கம்ப்யூட்டர்தான் டிஸைட் பண்ணும். டாக்டர் கையில இல்ல, என் கையிலயும் இல்ல. அச்சா?" அத்தான் தலையாட்டினார். அவள் கேமராவை எடுத்துவர உள்ளே போனதும் என் பக்கம் குனிந்தார்.

"ஆர்ம்னா கைதான மாப்ள? எந்தக் கையில ஊசி போடணும்னு கூடவா கம்ப்யூட்டர் சொல்லுது?"

நான் சிரித்தேன். இன்றைக்கும் அந்தச் சிரிப்பை நினைத்தால் உடம்பு கூசுகிறது. "ஆமா அத்தான். இங்க எல்லாமே அப்படித்தான்."

இத்தகைய சோதனைகளில் நோயாளிக்கு விளக்கி ஒப்புதல் வாங்குவதை வீடியோ எடுத்து வைக்கிறார்கள். அபர்ணா கேமராவுக்குப் பின்னால் நின்றாள். மருத்துவர் நாற்பது வயதுப் பெண்மணி, பொறுமையானவர். இந்தியில் சொல்லிக்கொண்டே வந்தார், நான் தமிழில் சொன்னேன். புது மருந்தும் கிடைக்கலாம் பழையதும் கிடைக்கலாம் என்பது இவருக்குப் புரிகிறதா என்று கேட்டார். புது மருந்துதான் மேல் என்று உறுதியாகத் தெரிந்திருந்தால் இந்தச் சோதனையே நடத்தமாட்டோம், தெரியாததால்தான் நடத்துகிறோம், அதையும் அவரிடம் சொல்லுங்கள் என்றார். நான் எங்கள் ஊர்ப் பேச்சில் வேகமாக, "மருந்து எப்பிடி வேல செய்யுதுன்னு இனிமேத்தான் தெரியுமாம் அத்தான், எதுக்கும் தயாரா இருக்கணுமாம், சரிதானன்னு கேக்காவ" என்றேன். கும்பகோணத்துப் பிள்ளைக்கு அந்த வேகம் பிடிபடாது என்று எனக்குத் தெரியும். வேண்டுமென்றேதான் பேசினேன்.

அத்தான் கேமராவை நேராகப் பார்த்து, "சரிம்மா. எல்லாம் மாப்ள சொல்லிட்டாப்ல. எனக்குச் சம்மதம்" என்றார். ஒவ்வொரு பக்கத்திலும் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த ஒரு வாரம் பரிசோதனைகள். ரத்தம் இரண்டு முறை, மூளை ஸ்கேன், நெஞ்சு வயிறு ஸ்கேன், இதயப் படம். எதற்கும் கட்டணம் இல்லை. போக்குவரத்துச் செலவைக்கூட ரசீது காட்டினால் திருப்பித் தந்தார்கள். ஆஸ்பத்திரி போகாத நாட்களில் நாகராஜன் வீட்டு பால்கனியில் வெயில் விழும் மூலையில் அத்தான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். ஒருநாள் நாகராஜன் வீட்டு மீட்டர் பெட்டியைத் திறந்து, எர்த் கம்பி தளர்ந்திருக்கிறது என்று தானே முடுக்கிக் கொடுத்தார். நன்றாகச் சாப்பிட்டார். அக்காவிடம் தினமும் போனில், "புது மருந்து வரட்டும், பாப்போம்" என்பார். அந்த வார்த்தையைக் கேட்கிற நேரத்தில் நான் அறையை விட்டு வெளியே போய்விடுவேன். பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். புது மருந்து விழுந்துவிட்டால் நான் சொன்னது பொய்யே ஆகாது.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு வரச் சொன்னார்கள். பரிசோதனை எல்லாம் தேறிவிட்டது, இன்று கணினியில் போட்டுப் பார்த்துவிட்டு முதல் ஊசி என்றார்கள். அத்தானைச் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பதினொன்றேகாலுக்கு அபர்ணா ஒரு தாளோடு வந்தாள். முகத்தில் வழக்கமான சிரிப்பு இல்லை.

"அங்கிள், கன்ட்ரோல் ஆர்ம் வந்திருக்கு."

அத்தான் ஸ்வெட்டரின் இடது கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டே, "அது எந்தக் கைம்மா? இதுதானே?" என்றார்.

அவளுக்குப் புரியவில்லை. "கையா? கை இல்ல அங்கிள். ஆர்ம்னா குரூப். ரெண்டு குரூப்னு சொன்னேன்ல? ஒரு குரூப்புக்குப் புது மருந்து, இன்னொண்ணுக்கு ரெகுலர் கீமோ. உங்களுக்குக் கீமோ குரூப் வந்திருக்கு."

சுருட்டிய ஸ்வெட்டரைப் பிடித்திருந்த விரல்கள் அப்படியே நின்றன. அவர் அவளைத்தான் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. அபர்ணாதான் என் பக்கம் திரும்பினாள்.

"அங்கிள், நீங்க இவர்கிட்ட சொன்னீங்கல்ல?"

நான் கையில் இருந்த ஃபைலை மூடினேன். அதுவே அவளுக்குப் பதிலாகிவிட்டது. "அங்கிள், கேமரா ஓடிட்டிருந்துச்சு. நான் அங்கதான் நின்னேன்" என்றாள். தன் மேலும் தப்பு இருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டது தெரிந்தது. அதையும் நான்தான் அவளுக்குச் செய்தேன்.

அத்தான் ஸ்வெட்டர் கையைக் கீழே இறக்கி மணிக்கட்டுவரை சரிசெய்துகொண்டார். "ஏம்மா, ஒக்காரு. இனி சொல்ல வேண்டியத எங்கிட்டயே சொல்லு. மெதுவாச் சொல்லு. எனக்குப் புரியும்" என்றார்.

மருத்துவரும் வந்தார். அபர்ணா இந்தியும் தமிழும் கலந்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். நான் இரண்டடி தள்ளிச் சுவரோரம் நின்றேன். அத்தான் மூன்று கேள்வி கேட்டார். இந்தக் கீமோ மதுரையில் எழுதிக்கொடுத்ததுதானா? அதேதான். வேண்டாம் என்றால் விட்டுவிடுவார்களா? எந்த நேரத்திலும் விலகலாம், ஒருவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கடைசியாக, "நான் போயிட்டா ஒங்க கணக்குல ஓட்ட விழுந்திருமா?" என்று கேட்டார். மருத்துவர் கொஞ்சம் யோசித்துவிட்டு உண்மையைச் சொன்னார். பழைய மருந்து விழுந்தவர்கள் எல்லோரும் போய்விட்டால், புதியது மேலா இல்லையா என்று எப்போதும் தெரியாமலே போய்விடும். ஆனால் ஊசி போட்டுக்கொள்ளாவிட்டாலும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாங்கள் போனில் கூப்பிட்டு எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க அனுமதித்தால் அதுவே எங்களுக்கு உதவி என்றார்.

"ஊசி வேண்டாம். போன் பண்ணட்டும். இந்தப் புள்ள பண்ணுனா பேசுதேன்" என்றார் அத்தான். அதற்கு ஒரு தாள் கொடுத்தார்கள். ஒரு பக்கம்தான். அதை எழுத்து விடாமல் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நான் பேனாவை நீட்டினேன். அவர் தன் பையிலிருந்து எடுத்துக்கொண்டார்.

திரும்பும் ரயில் ஞாயிற்றுக்கிழமை இரவு. சனிக்கிழமை காலை நான் குளித்துவிட்டு வந்தபோது அத்தான் வீட்டில் இல்லை. குல்லா இல்லை, செருப்பு இல்லை. போனைக் கட்டிலிலேயே விட்டுப் போயிருந்தார். இந்தியில் ஒரு வார்த்தை தெரியாத மனிதர், இடுப்பில் நோய், ஏழெட்டு டிகிரி குளிர். நாகராஜனும் நானும் அந்த செக்டார் முழுக்கத் தேடினோம். பூங்கா, கோயில், மருந்துக்கடை, மெட்ரோ நிலையம் எல்லாம் பார்த்தாயிற்று. காவல் நிலையத்துக்குப் போகலாம் என்று வண்டியை எடுத்த நேரத்தில், மாலை நாலரை மணிக்கு, மெட்ரோ பக்கமிருந்து நடந்து வந்தார். கையில் ஒரு துணிப்பை. நம்மூர்ச் சாமான் கிடைக்கும் என்று நாகராஜன் பேச்சுவாக்கில் சொல்லியிருந்த ஐ.என்.ஏ. மார்க்கெட் வரைக்கும் போய்வந்திருந்தார். இரண்டு முறை ரயில் மாறிப் போய், அதேபோல் மாறித் திரும்பியிருக்கிறார். பையில் நல்லெண்ணெய், புழுங்கலரிசி, ஒரு கட்டு அப்பளம். எங்களைப் பதினோரு நாள் வைத்திருந்த நாகராஜன் வீட்டுக்கு.

"எங்க போனீங்க அத்தான்? வழி எப்பிடித் தெரிஞ்சுது? பாஷ தெரியாம..." நான் கிட்டத்தட்டக் கத்தினேன்.

அவர் படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். "கேட்டேன். பேரச் சொல்லி வெரலக் காட்டினேன். சொன்னாங்க. பாஷ தெரியாதவன் கேட்டாக்கூட இங்க சரியான வழியத்தான் சொல்லுதாங்க மாப்ள."

அவர் என்னைக் கடிந்துகொண்டது அந்த ஒரு முறைதான். அதற்குப் பிறகு ரயிலில் முப்பத்து மூன்று மணி நேரமும் தண்ணீர், சாப்பாடு, கழிப்பறை தவிர வேறு பேச்சு இல்லை. கோவில்பட்டி வந்து அக்காவிடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன். அவளாவது புரிந்துகொள்வாள் என்று நினைத்தேன், அவளுக்காகத்தானே செய்தேன். அவள் கேட்டுவிட்டு, "எங்கிட்டயும் சொல்லலியேடா" என்றாள்.

இனி, கேட்டவருக்கும் இதேபோல் கிளம்பப்போகும் மற்றவர்களுக்கும் என் ஆலோசனை. ரயில் சான்றிதழ், கீழ்ப் படுக்கை, பனிமூட்டம் பற்றி மேலே சொல்லிவிட்டேன். மெழுகுக் கட்டியைப் பெட்டியில் போடாமல் கையில் வைத்துக்கொள்ளுங்கள், நோய்க்கூறு ஆய்வறிக்கையின் மூலப்பிரதியையும் சேர்த்து. குறைந்தது இரண்டு வாரம் தங்கத் தயாராகப் போங்கள். மருத்துவமனைக்குப் பக்கத்தில் தர்மசாலைகள் இருக்கின்றன, ஆனால் முன்கூட்டிக் கேட்காமல் இடம் கிடைக்காது. படிவத்தைக் கிளம்புவதற்கு முன்பே மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள், அனுப்புவார்கள். அதை நோயாளி தன் வீட்டில், தன் நாற்காலியில் உட்கார்ந்து, எத்தனை நாள் ஆனாலும் படிக்கட்டும். அவர் கேட்கிற கேள்விக்கு நேர்ப்பதில் சொல்லுங்கள். பதிலைக் கேட்டு அவர் வரமாட்டேன் என்றால், டிக்கெட்டை ரத்து செய்யுங்கள்.

இந்த மருந்துகள் வர வேண்டும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். யாரோ சிலர் பழைய ஊசியையும் யாரோ சிலர் புதிய ஊசியையும் போட்டுக்கொண்டு, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் நாளைக்கு ஒருவருக்கு நல்லது கிடைக்கும். அத்தானுக்கே அதை விளக்கியிருந்தால் ஒருவேளை ஒப்புக்கொண்டிருப்பார். ஒப்புக்கொள்ளாமலும் இருந்திருக்கலாம். அது அவர் பாடு. என்னை அரிப்பது வேறொன்று. கணினி அன்றைக்குப் புது மருந்தைக் கொடுத்திருந்தால் நான் செய்தது யாருக்கும் தெரிந்திருக்காது. அக்கா என்னைக் கும்பிட்டிருப்பாள். நானும் இந்த வலைப்பூவில் "நம்பிக்கையோடு போங்கள்" என்று ஒரு கட்டுரை எழுதியிருப்பேன். நீங்களும் அதைப் படித்துவிட்டுப் பாராட்டியிருப்பீர்கள்.

அந்தச் சோதனையின் முடிவு இன்னும் வரவில்லை. அத்தானுக்கு இப்போது வலிக்கு மட்டும்தான் மருந்து, மார்பின் மாத்திரை. பெரும்பாலும் படுக்கைதான். நான் மாதம் ஒருமுறை போகிறேன். வா என்பார், போகும்போது சரி என்பார். சென்ற மாதம் போயிருந்தபோது அக்கா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். கட்டிலுக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவர் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டு நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார். அபர்ணா.

"அங்கிள், எப்படி இருக்கீங்க?"

"இருக்கேம்மா. இருக்கேன்னு எழுதிக்கோ."

அவள் சிரிக்க முயன்றாள். வேறு ஆஸ்பத்திரியில் ஏதாவது சிகிச்சை எடுத்தாரா என்று கேட்டாள், இல்லை என்றார். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், பெயர் வேண்டும் என்றாள். "அட்டையில இங்கிலீஷ்ல இருக்கும் அங்கிள். பக்கத்துல யாராச்சும் இருந்தா படிச்சுச் சொல்லச் சொல்லுங்களேன்."

மாத்திரை அட்டை ஜன்னல் விளிம்பில் இருந்தது. நான் எழுந்து கையை நீட்டினேன். அத்தான் என்னைத் தாண்டிக் கையை எட்டி அதை எடுத்தார். மூச்சு வாங்கியது. கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார்.

"இங்க யாரும் இல்லம்மா" என்றார். "நானே எழுத்துக் கூட்டிச் சொல்லுதேன், எழுதிக்கோ."

அட்டையை வெளிச்சத்துக்குத் திருப்பி வைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகப் படிக்கத் தொடங்கினார். "எம்... ஓ... ஆர்..." நான் நாற்காலியில் உட்கார்ந்து, அவர் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.